பழைய ஏ-2 ஃப்ளைட் ஜாக்கெட் வாங்கிட்டீங்களா? எண்ணெய் பாட்டிலை முதல்ல மூடி வைங்க

கேள்வி: ஒஹையோல இருக்கேன். பக்கத்து ஊர் எஸ்டேட் சேல்ல (ஒரு வீட்டுச் சாமான் மொத்தத்தையும் விக்கறது) இரண்டாம் உலகப்போர் காலத்து ஏ-2 லெதர் ஜாக்கெட்னு (அமெரிக்க ராணுவ விமானிங்க போட்டது) சொல்லி ஒண்ணு கிடைச்சுது. தோல் வறண்ட மாதிரி இருக்கு, காலர் பக்கம் வெள்ளையா பூத்திருக்கு, கஃப்ல பூச்சி அரிச்சிருக்கு, ஜிப் பாதியில நின்னுடுது. மிங்க் ஆயில் போட்டு ஊற வெச்சுட்டு கஃப், ஜிப் ரெண்டையும் மாத்திடலாமா? ஒரிஜினல்தானான்னு எப்படிப் பாக்கறது?

பதில்: மிங்க் ஆயில் வேண்டாம். நீட்ஸ்ஃபுட் ஆயிலும் (மாட்டுக் கால்ல இருந்து எடுக்கற எண்ணெய்) வேண்டாம், வீட்டுல இருக்குற தேங்காய் எண்ணெய் பத்தி பேச்சே எடுக்காதீங்க. பூச்சியும் ஈரமும் கெடுத்த ஜாக்கெட்டை விட, வாங்கினவங்க ஆசையா எண்ணெய் ஊத்திக் கெடுத்த ஜாக்கெட்தான் நான் அதிகம் பாத்திருக்கேன். எண்ணெய் உள்ள போனா தோல் கருத்துடும், அதைத் திரும்ப எடுக்க வழியே கிடையாது, தூசி ஒட்டும், தையல் எல்லாம் காட்டன் நூல் வேற, அதுவும் ஊறி பலமில்லாம போகும், முதுகுல அந்தக் காலத்து விமானக் குழுவினர் வரைஞ்ச பெயின்டிங் இருந்தா அதுவும் கழண்டு வர ஆரம்பிக்கும். கொஞ்ச வருஷம் கழிச்சு அதே கொழுப்பு வெள்ளையா மேல பூத்து நிக்கும்.

உங்க காலர்ல இருக்குறதும் அதுவா இருக்கலாம், இல்ல பூஞ்சையாவும் இருக்கலாம். ஹேர் டிரையரை கம்மி சூட்டுல, ஒரு அடி தள்ளிப் பிடிச்சு லேசா சூடு காட்டுங்க (பெயின்டிங் இருக்குற இடத்துல பண்ணாதீங்க). வெள்ளை உருகி மறைஞ்சா அது பழைய கொழுப்பு, முன்னாடி யாராவது எண்ணெய் போட்டிருக்கலாம், காட்டன் துணியால மெதுவா ஒத்தி எடுத்தா போதும். மறையலைன்னா பூஞ்சையா இருக்க வாய்ப்பு அதிகம். மாஸ்க் போட்டுக்கிட்டு வெளிய எடுத்துட்டுப் போய், நல்லா உலர்ந்த அப்புறம் மெத்துன்னு இருக்குற பிரஷ்ஷால தட்டுங்க. ஈரத்துணி போட்டு தேய்ச்சா பூஞ்சை பரவத்தான் செய்யும்.

தோலை விரல்ல தேய்ச்சா செம்மண் மாதிரி பொடி ஒட்டுதான்னும் பாத்துடுங்க. ஒட்டினா அது ரெட் ராட், தோல் உள்ளுக்குள்ள அமிலமாகி செத்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், எந்த கண்டிஷனராலயும் அதைத் திருப்ப முடியாது, அதை ஒரு கன்சர்வேட்டர்கிட்ட (பழம்பொருளைப் பாதுகாக்கற நிபுணர்) விட்டுடுங்க. பொடி எதுவும் இல்லாம வளைச்சா வளையுதுன்னா ஒண்ணுமே போட வேண்டியதில்ல. கலெக்டர்கள்ல பல பேர் பெக்கார்ட் டிரெஸ்ஸிங்னு ஒரு தோல் பூச்சை துளியூண்டு தடவுவாங்க, மியூசியம்காரங்க அதுவும் கூடாதும்பாங்க, நான் மியூசியம் கட்சி.

இப்ப ஒரிஜினலான்னு பாக்கலாம். ஏ-2வை அமெரிக்க ஆர்மி ஏர் கோர் 1931ல ஸ்டாண்டர்டா எடுத்துக்கிச்சு, 1943ல விமானப்படைத் தலைவர் ஜெனரல் ஆர்னால்டு லெதர் ஜாக்கெட் ஆர்டரை நிறுத்திட்டு துணி ஜாக்கெட் பக்கம் போயிட்டாரு. அதனால போர்க்கால சரக்கு எல்லாமே இந்த இடைப்பட்ட காலம்தான், அதுலயும் கடைசி ரெண்டு மூணு வருஷத்துல தைச்சதுதான் அதிகம். பெரும்பாலும் குதிரைத் தோல், கொஞ்சம் ஆட்டுத்தோல். முதுகு ஒரே துண்டு, நடுவுல தையல் இருக்காது. பாக்கெட் ரெண்டும் மேல இருந்து கை விடுற மாதிரி, மூடியில ஸ்னாப் பட்டன். பக்கவாட்டுல கை சொருகுற பாக்கெட் இருந்தா போர்க்கால ஜாக்கெட் இல்லன்னு உடனே சொல்லிடலாம், 1988ல ஏர் ஃபோர்ஸ் ஏ-2வைத் திரும்பக் கொண்டுவந்த அப்புறம்தான் அந்தப் பாக்கெட் எல்லாம் சேர்ந்துச்சு.

காலருக்குக் கீழ லேபிள் பாருங்க, டைப் ஏ-2, டிராயிங் நம்பர் 30-1415, கான்ட்ராக்ட் அல்லது ஆர்டர் நம்பர், தயாரிச்ச கம்பெனி பேர் இருக்கும். ரஃப் வேர், ஏரோ லெதர், பெர்ரி ஸ்போர்ட்ஸ்வேர், டுபோ இப்படி நிறைய கம்பெனி தைச்சுக் குடுத்துச்சு, ஒவ்வொண்ணுக்கும் காலர் வெட்டு, பாக்கெட் மூடி வளைவு வேற வேற. ஆனா லேபிளை மட்டும் நம்பி காசு குடுக்காதீங்க. ஜப்பான்லயும் இங்கிலாந்துலயும் இன்னிக்கு செய்யற நல்ல ரெப்ளிகாவுல அதே கம்பெனி பேரு, அதே நம்பரோட லேபிள் இருக்கும். அவங்க ஏமாத்தறதுக்காக செய்யல, ரெண்டாவது மூணாவது கைக்குப் போகும்போது யாராவது அதை "ஒரிஜினல்"னு வித்துடறாங்க. நான் முதல்ல பாக்கறது நூலைத்தான். இருட்டுல யூவி டார்ச் அடிச்சுப் பாருங்க, நூல் நீலமா பளிச்சுனு மின்னினா அது பிற்காலத்து நூலா இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே ஒரு இடத்துல மட்டும் மின்னினா பின்னாடி ரிப்பேர் பண்ணிருக்கலாம், லைனிங் முழுக்க மின்னினா யாராவது டிடர்ஜென்ட்ல முக்கிருக்கலாம்.

பெயின்டிங் இருந்தா விலை பல மடங்கு ஏறும், அதனாலயே பழைய வெறும் ஜாக்கெட்ல புதுசா குண்டும் பொண்ணு படமும் வரைஞ்சு விக்கறவங்க இருக்காங்க. லென்ஸ் வெச்சுப் பாருங்க. அந்தக் காலத்துப் பெயின்ட் தோலோட சேர்ந்தே வெடிச்சிருக்கும். தோல்ல இருக்குற பழைய வெடிப்புக்குள்ள பெயின்ட் இறங்கி உக்காந்திருந்தா, தோல் வெடிச்சதுக்கு அப்புறம் வரைஞ்சதுன்னு அர்த்தம். அதே சமயம் செம்பழுப்புக்கு மேல அடர் பழுப்பு சாயம் ஏத்திருக்கேன்னு பதறாதீங்க, போர் நடக்கும்போதே ராணுவ டிப்போக்கள்ல பழைய ஜாக்கெட்டை சாயம் போட்டு, கஃப் மாத்தி திரும்பக் குடுத்திருக்காங்க.

கஃப்ல கை வைக்கறதுக்கு முன்னாடி பூச்சி இன்னும் உள்ள இருக்கான்னு பாருங்க. கம்பளி நிட்டிங்தான் அதுக்கு விருந்து. சந்தேகமா இருந்தா பாலித்தீன் பையில காத்து போகாம சீல் பண்ணி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசர்ல ரெண்டு வாரம் வைங்க, வெளிய எடுத்ததும் பையை ஒரு நாள் திறக்காதீங்க, திறந்தா தோல் மேல தண்ணி கோத்துக்கும். பெயின்டிங் இருக்குற ஜாக்கெட்டை மட்டும் கேக்காம ஃப்ரீசர்ல போடாதீங்க. அந்துருண்டையும் வேண்டாம், அந்த நாத்தம் தோலை விட்டுப் போகவே போகாது.

மாத்தறதா இல்லையான்னா, பேரோ படமோ பேட்ச்சோ இருந்தா ஓட்டையோட அப்படியே விடுங்க. வெறும் ஜாக்கெட்னா சரியான கலர்ல கம்பளி கஃப் மாத்தறது பெரிய பாவம் இல்ல, கழட்டின பழசைத் தூக்கிப் போடாம பையில போட்டு ஜாக்கெட் கூடவே வைங்க. ஜிப்பை மட்டும் மாத்தாதீங்க. அது டேலன், கான்மார், கிரவுன்னு எந்தப் பழைய கம்பெனி ஜிப்பா இருந்தாலும், ஜாக்கெட்டோட வயசுக்கு அதுவும் ஒரு சாட்சி. பல்லுல மெழுகுவத்தியோ பென்சில் முனையோ தேய்ச்சு, ஒரு நேரத்துல அரை இன்ச் அரை இன்ச்சா நகத்திப் பாருங்க. இழுத்தா ஜிப் வராது, அதோட துணிதான் கிழியும்.

பேஸ்மென்ட்ல வைக்காதீங்க, குளிர்காலத்துல ஹீட்டர் வெண்ட் பக்கமும் வைக்காதீங்க. ஈரப்பதம் 50 சதவீதம் ஒட்டி இருந்தா போதும், தோள்பட்டை அகலமா பஞ்சு வெச்ச ஹேங்கர், மேல காட்டன் உறை. கம்பி ஹேங்கரும் டிரை கிளீனர் தர்ற பிளாஸ்டிக் கவரும் கூடவே கூடாது. ஊருக்கு எடுத்துட்டுப் போற ஐடியா இருந்தா, மழைக்காலத்துல மூடின பீரோவுல ஒரு மாசம் இருந்தாலே பூஞ்சை வந்துடும்.

பின்னாடி எப்பவாவது பி-3 மாதிரி கம்பளி உள்ள இருக்குற செம்மறித்தோல் ஜாக்கெட்டோ பிரிட்டிஷ் விமானிங்க போட்ட இர்வின் ஜாக்கெட்டோ வாங்கினா அது தனிக் கதை, மேல அடிச்ச கோட்டிங் அப்பளம் மாதிரி நொறுங்கும், மாட்டிப் பாக்கறப்பவே அக்குள் தையல் விட்டுடும், அதைப் போட்டுப் பாக்கவே வேண்டாம். உங்க ஏ-2 உறுதியா இருந்தா எப்பவாவது போட்டுக்கலாம்தான், ஆனா அந்தக் காலத்து வெட்டு ரொம்ப ஒடுக்கம், உங்க சைஸ்னு எழுதியிருந்தாலும் டைட்டாதான் இருக்கும், இழுத்துப் பூட்டாதீங்க.

கடைசியா லைனிங்கையும் லேபிள் பக்கத்தையும் நல்ல வெளிச்சத்துல தேடுங்க. ஒரு எழுத்தும் நாலு நம்பரும் மையால குத்தியிருந்தா அது லாண்டரி மார்க், போட்டிருந்தவரோட குடும்பப் பெயரின் முதல் எழுத்தும் சர்வீஸ் நம்பரோட கடைசி நாலு இலக்கமும். எஸ்டேட் சேல்ல வித்த குடும்பத்தோட பேருக்கு அந்த எழுத்து ஒத்துப்போகுதான்னு உடனே கேட்டுடுங்க, இன்னும் அந்த வீட்டுல யாராவது இருப்பாங்க. செயின்ட் லூயிஸ்ல இருக்குற, ராணுவத்தினரோட சர்வீஸ் ஃபைல்களை வைக்கற ரெக்கார்ட்ஸ் சென்டர்ல 1973ல தீப்பிடிச்சு ஆர்மி ஃபைல்கள்ல பெரும்பகுதி எரிஞ்சு போச்சு, அதனால அந்தக் குடும்பம் சொல்றதுதான் உங்களுக்குக் கிடைக்கிற ஒரே தகவலாக்கூட இருக்கலாம், முடிஞ்சா எழுதி கையெழுத்து வாங்கிக்குங்க.