எட்டு நாளும் ஒரே திருநாள்தான்

அன்புள்ள அக்கா,

எனக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்கு 5 வயது, நடுவிலுள்ளவனுக்கு 3, கைக்குழந்தைக்கு 8 மாதம். கல்யாணத்துக்கு முன்பு திருநாள் என்றால் எனக்கு உயிர். இப்போது டிசம்பர் வருகிறது என்றாலே வயிற்றைக் கலக்குகிறது.

போன கிறிஸ்துமஸ் இரவுத் திருப்பலியில் வானவர் கீதம் தொடங்கும்போதே மகன் அலற ஆரம்பித்துவிட்டான். பின்னாலிருந்த ஒருவர், "பிள்ளைய வெளிய கொண்டு போம்மா, நாங்க பூசை காண வேண்டாமா?" என்றார். மீதிப் பூசை முழுக்க வாசலில்தான் நின்றேன். நற்கருணை வாங்கக்கூட உள்ளே போகவில்லை. வீட்டுக்கு வந்தால் குடில் பாதியில் நிற்கிறது. உட்கார்ந்து அழுதேன். அடுத்த நாள் எல்லாம் முடிந்துவிட்டது.

போனில் பார்க்கிறேன், சிலர் வீட்டில் ஒவ்வொரு புனிதரின் நாளுக்கும் பிள்ளைகளுக்கு வேடம், காகித வேலை, அலங்காரம். எனக்கு ஒரு செபமாலையை முழுதாகச் சொல்லி முடிக்க வழியில்லை. பிள்ளைகள் கொஞ்சம் வளரட்டும், அதுவரை திருநாளையெல்லாம் தள்ளிவைப்போம் என்கிறார் என் வீட்டுக்காரர். என்மேல் இரக்கப்பட்டுத்தான் சொல்கிறார். அது சரியா? குழந்தையை வைத்துக்கொண்டு திருப்பலிக்குப் போக முடியாவிட்டால் பாவமா? தவக்காலத்தில் இந்த வயசுப் பிள்ளைகளிடம் எதை எதிர்பார்ப்பது? பெரிய வெள்ளியன்று மகள், "இயேசுவ ஏன் கொன்னாங்க?" என்று கேட்டாள். பேச்சை மாற்றிவிட்டேன். அதுவும் உறுத்துகிறது.

பெயர் வேண்டாம் அக்கா.

*

அன்புள்ள தங்கைக்கு,

"அடுத்த நாள் எல்லாம் முடிந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும். எதுவும் முடியவில்லை, தங்கையே. நீங்கள் அழுத அந்த இரவில் திருநாள் தொடங்கியிருந்தது, அவ்வளவுதான்.

கிறிஸ்து பிறப்பைத் திருச்சபை எட்டு நாள் கொண்டாடுகிறது. எண்கிழமை என்று பங்குத்தந்தை அறிவிப்பில் சொல்லும்போது நாம் காதில் வாங்குவதில்லை. டிசம்பர் 25 முதல் ஜனவரி 1 வரை எட்டு நாளும் ஒரே திருநாள் என்பதுதான் அதன் கணக்கு. 26ஆம் தேதி முதல் மறைசாட்சி ஸ்தேவான், 27 திருத்தூதர் யோவான், 28 ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகள், இடையில் வரும் ஞாயிறு திருக்குடும்பம், எட்டாம் நாள் மரியா இறைவனின் தாய். அதற்கப்புறமும் ஞானிகள் குழந்தையைக் காண வந்த திருக்காட்சி இருக்கிறது, ஆண்டவரின் திருமுழுக்கு வரை கிறிஸ்து பிறப்புக் காலம் இருக்கிறது. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு இன்னும் தாராளம்: எட்டு நாள் எண்கிழமை, தூய ஆவியாரின் பெருவிழா வரை 50 நாள். தவக்காலத்தின் 40 நாளை விட மகிழ்ச்சியின் நாள்கள்தான் அதிகம்.

நாம்தான் எல்லாவற்றையும் ஒரே இரவுக்குள் திணித்து, அந்த இரவு கெட்டால் ஆண்டே கெட்டதாக நினைத்துக்கொள்கிறோம். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு இந்த எண்கிழமை பெரிய இரக்கம். முதல் நாள் கைவிட்டுப் போனால் இன்னும் ஏழு நாள் கையில் இருக்கிறது. 25 அன்று பாதியில் நின்ற குடிலை 27 அன்று முடியுங்கள். இரவுத் திருப்பலியில் கேட்க முடியாத நற்செய்தியை 29 மாலை, எல்லாரும் குளித்து முடித்த பிறகு, லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் நீங்களே வாசியுங்கள். தாமதமாகச் செய்வதாக எண்ண வேண்டாம். திருநாளுக்குள்தான் செய்கிறீர்கள்.

திருக்குடும்ப விழாவுக்கு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் நற்செய்தி எதுவென்று கவனித்திருக்கிறீர்களா? மரியாவும் சூசையப்பரும் ஆண்டுதோறும் பாஸ்கா விழாவுக்கு எருசலேம் போகிறவர்கள். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதானபோதும் போகிறார்கள். திரும்பி வருகையில் பிள்ளையைக் காணோம். ஒரு நாள் பயணம் போன பிறகுதான் தெரிகிறது. மூன்று நாள் கழித்துக் கண்டுபிடிக்கிறார்கள், "மகனே, ஏன் எங்களுக்கு இப்படிச் செய்தாய்?" என்று தாய் கேட்கிறாள், அவன் சொன்ன பதில் அவர்களுக்குப் புரியவுமில்லை. குடும்பங்களுக்கு முன்மாதிரியாகத் திருச்சபை எடுத்து வைத்திருக்கும் பகுதி இது. திருநாளுக்குப் போன இடத்தில் நடந்த குழப்பம். வாசலில் நின்றபோது நீங்கள் தனியாக நிற்கவில்லை என்று இதை வைத்துத்தான் சொல்கிறேன்.

பாவமா என்ற கேள்விக்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்கிறேன். ஞாயிறும் கடன் திருநாள்களும் திருப்பலி காண வேண்டியது கடமை. அதை நான் லேசாக்க மாட்டேன். ஆனால் கடமையிலிருந்து விடுபடத் தகுந்த காரணம் எது என்று சொல்லும்போது, 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 2181) இரண்டு எடுத்துக்காட்டுகளைத் தருகிறது. ஒன்று நோய். மற்றொன்று கைக்குழந்தையைப் பராமரிப்பது. உங்கள் நிலைமையையே பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறார்கள். அப்படிப் போக முடியாத நாளில் குடும்பமாகச் சிறிது நேரம் செபிக்கும்படி திருச்சபைச் சட்டத்தொகுப்பு பரிந்துரைக்கிறது. ஏழு வயது நிறையாத பிள்ளைகளைத் திருச்சபைச் சட்டங்கள் கட்டுப்படுத்துவதே இல்லை. ஆகவே உங்கள் பிள்ளைகள் மூவருக்கும் இப்போது கடமை என்று ஒன்றுமில்லை. உங்களுக்கும் கணவருக்கும் உண்டு. அதற்கு வழி இருக்கிறது: ஒருவர் முந்தைய நாள் மாலைத் திருப்பலிக்கும் மற்றவர் மறுநாள் காலைக்கும் போகலாம், இரண்டும் செல்லும். எந்தெந்தத் திருநாள் கடன் திருநாள் என்பது நாட்டுக்கு நாடு ஆயர் பேரவையின் முடிவால் மாறும். பங்கில் ஒருமுறை கேட்டுக் குறித்து வைத்துக்கொண்டால், மனதில் இருக்கும் பாதி பாரம் இறங்கிவிடும்.

முடிகிற ஞாயிறுகளில் பிள்ளைகளோடு சேர்ந்தே போங்கள் என்றும் சொல்வேன். கடைசி வரிசையில் இடம் தேட வேண்டாம், முன்னால் உட்காருங்கள். பின்னால் இருக்கும் பிள்ளைக்குத் தெரிவது பெரியவர்களின் முதுகு மட்டும்தான். முன்னால் இருந்தால் மெழுகுதிரி, மணி, குருவின் கை எல்லாம் தெரியும். அழுதால் வெளியே கொண்டு போங்கள், அழுகை அடங்கியதும் உள்ளே வாருங்கள். நற்கருணை நேரத்தில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே வரிசையில் வாருங்கள். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், ஆண்டவரின் திருமுழுக்கு விழா அன்று வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்துவந்தார். பிள்ளைக்குப் பசித்தால் தயங்காமல் இங்கேயே பால் கொடுங்கள் என்று தாய்மாரிடம் அங்கே சொன்னவர் அவர். சிறுவர் திருப்பலிக்காக 1973இல் உரோமை வெளியிட்ட வழிகாட்டியும், பங்கேற்க இயலாத சின்னக் குழந்தைகளைத் தனியே ஒருவர் பார்த்துக்கொண்டு, இறுதியில் ஆசீருக்கு உள்ளே அழைத்து வரலாம் என்கிறது. உங்கள் பங்கில் அந்த ஏற்பாடு இல்லையென்றால் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். ஐந்தாறு தாய்மார் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது. உங்களை வெளியே போகச் சொன்னவரைப் பற்றி ஒன்று மட்டும் சொல்வேன்: பிள்ளைகளை அதட்டிய சீடர்கள்மேல் இயேசு கோபப்பட்டார் என்று மாற்கு எழுதியிருக்கிறார்.

உங்கள் கணவர் சொன்னதில் பாதி எனக்கு உடன்பாடு. தள்ளிவைக்க வேண்டியவை இருக்கின்றன. போனில் பார்த்த வேடம், காகித வேலை, அலங்காரம் எல்லாவற்றையும் தள்ளிவையுங்கள். அப்படிச் செய்கிறவர்கள் மகிழ்ச்சியாகச் செய்யட்டும், அது அவர்களுக்கு அமைந்தது. திருநாளைத் தள்ளிவைக்க முடியாது. ஏழு வயதுக்கு முன் பிள்ளை திருநாளைப் படித்துத் தெரிந்துகொள்வதில்லை. கண்ணிலும் காதிலும் கையிலும் வாங்கிக்கொள்கிறது. படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் நிறம் தெரியும். ஞாயிறுதோறும் "இன்னைக்கு ஃபாதர் என்ன கலர் போட்டிருக்கார்?" என்று மகளிடம் கேளுங்கள். ஊதா வந்தால் காத்திருக்கிறோம், வெள்ளை வந்தால் கொண்டாடுகிறோம், சிவப்பு வந்தால் தூய ஆவியார் அல்லது யாரோ உயிரைக் கொடுத்திருக்கிறார், பச்சை வந்தால் சாதாரண நாள். ஓராண்டு கேட்டால் போதும், திருவழிபாட்டு ஆண்டு முழுவதும் அவள் கைக்குள் வந்துவிடும். செலவில்லை, முன்கூட்டி எதையும் தயார் செய்ய வேண்டியதில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் ஒரே ஒரு வேலை போதும். குடிலைத் தொடக்கத்திலேயே, காலியாக, கீழே பிள்ளைகளுக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். மாடும் கழுதையும் முதல் வாரம் வரட்டும், இடையர்கள் பிறகு. ஞானிகள் மூவரும் வீட்டின் இன்னொரு மூலையிலிருந்து புறப்பட்டு, திருக்காட்சிக்குத்தான் வந்து சேர வேண்டும். உங்கள் மகன் அவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடுவான், ஒருவருக்குக் கை உடையலாம். பரவாயில்லை. அசிசி பிரான்சிஸ் 1223இல் இத்தாலியின் கிரேச்சோவில் முதல் குடிலை அமைத்தபோது சிலைகளை வைக்கவில்லை. வைக்கோலும் உயிருள்ள மாடும் கழுதையும் கொண்டுவரச் சொன்னார். பெத்லகேமில் பிள்ளை பட்ட கஷ்டத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அழகாக அடுக்கி, தொடாதே என்று சொல்லும் குடிலை விட, மூன்று வயதுக்காரன் கைபட்டுக் கலைந்த குடில் அந்த ஆசைக்குக் கிட்டத்தில் இருக்கிறது.

தவக்காலம். இறைச்சி தவிர்க்கும் சுத்தபோசனக் கடமை 14 வயது நிறைந்தவர்களுக்கு. நோன்புக் கடமை 18 நிறைந்தது முதல் 59 நிறையும் வரை. பிள்ளைகளிடம் அதை எதிர்பார்க்க வேண்டாம். பால் கொடுக்கும் நீங்களும் பட்டினி கிடக்க வேண்டாம், ஐயமிருந்தால் பங்குத்தந்தையிடம் கேட்டுவிடுங்கள். ஆனால் அதே சட்டம், வயது வராத பிள்ளைகளும் ஒறுத்தலின் உண்மையான பொருளை உணர்ந்து வளர ஆன்ம மேய்ப்பர்களும் பெற்றோரும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. ஐந்து வயதுக்கு அது எப்படி இருக்கும்? தனக்குப் பிடித்த ஒன்றை ஒரு நாள் தம்பிக்கு முதலில் கொடுப்பது. அவளே தேர்ந்தெடுக்கட்டும். முடியாமல் போனால் கண்டிக்க வேண்டாம். அல்லேலூயா அந்த நாள்களில் பாடப்படுவதில்லை என்பதையும் அவளிடம் சொல்லி வையுங்கள். ஆறு வாரம் காணாமல் போன பாட்டு, உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய பாஸ்கா இரவில் திரும்பி வரும்போது அவள் முகத்தைப் பாருங்கள்.

புனித வாரத்தில் எல்லா வழிபாட்டுக்கும் மூன்று பிள்ளைகளோடு போக முயல வேண்டாம். பெரிய வியாழன் அன்று வீட்டிலேயே ஒரு கிண்ணம் தண்ணீரில் அப்பா பிள்ளைகளின் பாதத்தைக் கழுவட்டும். பாஸ்கா திருவிழிப்புக்கு மூத்தவளை மட்டும் உங்களில் ஒருவர் அழைத்துப் போங்கள். இருட்டில் புதுத் தீ மூட்டி, பாஸ்கா திரி ஏற்றி, அந்த ஒளி ஒவ்வொருவர் கைத்திரிக்கும் பரவுகிற நேரம்வரை அவள் விழித்திருந்தால் போதும். அப்புறம் வாசகங்களின்போது உங்கள் மடியில் தூங்கட்டும்.

அவளுடைய கேள்வி. பேச்சை மாற்றியதற்காக வருந்த வேண்டாம், அவள் திரும்பக் கேட்பாள். கேட்காவிட்டால் நீங்களே எடுங்கள். பிள்ளைகளிடம் சாவை மறைக்கும் வழக்கம் திருச்சபைக்கு இல்லை. கிறிஸ்து பிறப்பின் நான்காம் நாளே கொலையுண்ட குழந்தைகளை நினைக்கிறது. "இயேசு எல்லாரையும் நேசிச்சார். தப்பு செஞ்சவங்களையும் கூட்டத்தில சேர்த்துக்கிட்டார். அது சிலருக்குப் பிடிக்கல. அதனால கொன்னுட்டாங்க. கடவுள் அவரை எழுப்பிட்டார், இப்போ உயிரோட இருக்கார்." கடைசி வாக்கியத்தை ஞாயிறுக்கென்று எடுத்து வைக்க வேண்டாம். வெள்ளிக்கிழமையே சொல்லுங்கள், அந்த வயதில் இரண்டு இரவு அந்தப் பயத்தோடு தூங்கக் கூடாது. "யார் கொன்னாங்க?" என்று அடுத்து கேட்பாள். அங்கே கவனம் வேண்டும். எந்த இனத்தின் பெயரும் உங்கள் வாயில் வரக் கூடாது. பாடுகளின் பழியை அன்றைய யூதர் எல்லார்மேலுமோ இன்றைய யூதர்மேலோ போடக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நாம் எல்லாரும் செய்யும் பாவத்துக்காக என்று சொல்லுங்கள், அதை அவள் ஏற்றுக்கொள்வாள்.

செபமாலை முழுதாக முடியவில்லை என்கிறீர்கள். ஒரு பத்து மணி சொல்லுங்கள். அதுவும் முடியாத இரவில் ஒரு அருள் நிறைந்த மரியே போதும், மூன்று பிள்ளைகளின் நெற்றியிலும் சிலுவை வரைந்து படுக்க வையுங்கள். சங்கம் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று அழைத்தபோது இப்படிப்பட்ட வீட்டையும் சேர்த்தே அழைத்தது என்று நம்புகிறேன்.

பிள்ளைகளின் வயதைச் சொன்னீர்கள், திருமுழுக்குப் பெற்ற நாள்களைச் சொல்லவில்லை. அந்தத் தேதியைத் தெரிந்துகொள்ளுங்கள், தெரியாவிட்டால் வீட்டில் கேளுங்கள் என்று திருத்தந்தை பிரான்சிஸ் பலமுறை கேட்டுக்கொண்டார். உங்கள் வீட்டின் முதல் தனித் திருநாளாக அதையே வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழில் தேதி இருக்கும். திருமுழுக்கின்போது பாஸ்கா திரியிலிருந்து ஏற்றித் தந்த அந்தச் சிறிய திரி அலமாரியில் எங்காவது கிடக்கும். அந்த நாள் மாலை அதை ஏற்றி, பிள்ளையின் பெயர்ப் புனிதரை ஒருமுறை கூப்பிட்டு, திரியை அணைத்துவிடுங்கள். ஐந்து நிமிடம் ஆகாது. மூத்தவளின் நாள் எப்போது வருகிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள், அன்று நானும் அவளுக்காகச் செபிக்கிறேன்.

அன்புடன்,
அக்கா