‘இதர செலவு’ என்று ஒரு வரி வந்தால்

பினாங்கில், பாயான் லெப்பாஸிலும் பிறையிலும் வெளிநாட்டு நிறுவனங்களின் கொள்முதல், சரக்கு, கணக்குப் பிரிவுகளில் வேலை செய்யும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நான் 22 வருடமாக உள்தணிக்கையிலும், நிறுவனம் சட்டப்படி நடக்கிறதா என்று பார்க்கும் சட்ட இணக்கப் பிரிவிலும் இருக்கிறேன். உங்கள் பெயரில் ஏற்கெனவே விசாரணை நடந்துகொண்டிருந்தால் என் பதிலை நம்பி உட்காராமல் வழக்கறிஞரைப் பாருங்கள்.

அக்கா, நான் ஷிப்பிங் கெராணி (எழுத்தர்). சரக்கை விடுவிக்க அலைந்து காகித வேலை முடித்துத் தரும் ரன்னர் மாதக் கடைசியில் தரும் இன்வாய்ஸில் ‘இதர செலவு 300’ என்று ஒரு வரி வரும். ரசீது கேட்டால், “கோப்பிக் காசுக்கு எவன்மா ரசீது கொடுப்பான்?” என்கிறார். மேனேஜர் கையெழுத்துப் போடு என்கிறார். முந்நூறு வெள்ளிதானே?

முந்நூறு ரிங்கிட்தான், ஆனால் ‘கோப்பிக் காசு’ என்பது லஞ்சத்துக்கு இன்னொரு பெயர். கணக்கைப் பாருங்கள். மலேசியாவின் 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தில் 17ஏ பிரிவு 2020 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. நிறுவனத்துக்காக வேலை செய்யும் எவரும், அது ஊழியராக இருந்தாலும் ரன்னராக இருந்தாலும், வியாபாரத்துக்காகவோ அதில் ஒரு சலுகைக்காகவோ லஞ்சம் கொடுத்தால் நிறுவனமே குற்றவாளி. குறைந்தபட்ச அபராதம், லஞ்சத் தொகையைப் போல் பத்து மடங்கு அல்லது 10 லட்சம் ரிங்கிட், இரண்டில் எது அதிகமோ அது. முந்நூறுக்குப் பத்து மடங்கு மூவாயிரம். ஆகவே 10 லட்சம். இயக்குநர்களுக்கும் நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கும் 20 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். தம் சம்மதமோ உடந்தையோ இல்லாமல் நடந்தது, தாம் உரிய கவனத்தோடு இருந்தோம் என்று நிரூபிக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு.

என் முதல் வேலையும் ஷிப்பிங்தான். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பட்டர்வொர்த்தில் கண்டெய்னர் நிற்கிறது, மறுநாள் காலை தொழிற்சாலையில் உற்பத்தி லைன் நின்றுவிடும் என்று மேலே இருந்து மூன்று தடவை போன். ரன்னர் ஒரு கோப்பிக்கடை பில்லின் பின்பக்கத்தில் பென்சிலால் தொகை எழுதி நீட்டினார். நான் முன்னெழுத்துப் போட்டேன். அடுத்த வாரமும் போட்டேன். இரண்டு வருடம் கழித்துத் தலைமையகத் தணிக்கையாளர் அதே மாதிரி 41 சீட்டுகளை மேசையில் வரிசையாக வைத்து, “இந்தப் பணம் யாருக்குப் போனது?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். 41லும் என் கையெழுத்து இருந்தது. “போடு” என்று சொன்ன மேனேஜரின் எழுத்து ஒன்றில்கூட இல்லை. அவர் எல்லாவற்றையும் வாயால்தான் சொல்லியிருந்தார்.

அதனால்தான் சொல்கிறேன் தங்கச்சி, போடாதீர்கள். “இந்தத் தொகை எதற்கு, யாருக்கு, ரசீது வேண்டும்” என்று மேனேஜருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். சண்டை வேண்டாம், மரியாதையாகவே கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். பெரும்பாலும் எழுத்தில் பதில் வராது. வராததே உங்களுக்குப் பதில்.

எங்கள் தலைமையகம் அமெரிக்காவில். வேலையைச் சீக்கிரம் முடிக்கக் கொடுக்கும் சின்னத் தொகை அவர்கள் சட்டத்தில் குற்றமில்லை என்கிறாரே எங்கள் நிதி மேலாளர்?

பாதி உண்மை. வெளிநாட்டு லஞ்சத்துக்கு எதிரான 1977ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்தில், வழக்கமான அரசாங்க வேலையை விரைவுபடுத்தத் தரும் தொகைக்கு ஒரு குறுகலான விலக்கு இருக்கிறது. மலேசியச் சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. பிரிட்டனின் 2010 லஞ்சச் சட்டத்திலும் இல்லை. கண்டெய்னர் நிற்பது பட்டர்வொர்த்தில், வாஷிங்டனில் இல்லை. இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள். அமெரிக்கப் பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனம் கணக்கை உள்ளபடி எழுத வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். கொடுத்த பணத்தை ‘இதர செலவு’ என்று மூடி எழுதினால் அது தனிக் குற்றம். தொகை சின்னது என்பதால் அது மாறாது.

டிரம்ப் அந்தச் சட்டத்தையே நிறுத்திவிட்டாராமே?

நிறுத்தவில்லை. 2025 பிப்ரவரியில் ஓர் ஆணை போட்டு, புதிய வழக்குகளை 180 நாள் தள்ளிவைத்து மறுஆய்வு செய்யச் சொன்னார். ஜூனில் புதிய வழிகாட்டிகள் வந்தன, வழக்குகள் திரும்பத் தொடங்கலாம் என்று ஆனது. சட்டம் அப்படியே இருக்கிறது. லஞ்சக் குற்றத்துக்கு ஐந்து ஆண்டுவரை வழக்குப் போடலாம், அதற்குள் அங்கே ஆட்சியே மாறிவிடும். அதே 2025 மார்ச்சில் பிரிட்டன், பிரான்ஸ், சுவிட்சர்லாந்து மூன்றும் சேர்ந்து லஞ்ச வழக்குகளுக்கென்று கூட்டுப் பணிக்குழு அமைத்தன. நம் 17ஏவை யாரும் ஒரு நாள்கூட நிறுத்தவில்லை.

அக்கா, என்னுடையது மூன்று பேர் இருக்கும் செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் நிறுவனம்), சரக்கு ஏஜென்சி. ஒரு பெரிய கம்பெனி நாற்பது பக்கக் கேள்வித்தாள் அனுப்பியிருக்கிறது. உறவினர் யாராவது அரசு வேலையில் இருக்கிறார்களா என்றெல்லாம் கேட்கிறார்கள். என் மச்சான் சுங்கத்துறையில் இருக்கிறார். எழுதினால் வேலை போய்விடுமா?

எழுதுங்கள். மச்சான் சுங்கத்துறையில் இருப்பது குற்றமில்லை, மறைப்பதுதான் வினை. தெரிந்தால் உங்கள் கோப்புகளை மச்சானின் அலுவலகத்துக்கே போகாதபடி ஏற்பாடு செய்துகொள்ளலாம். மறைத்துப் பின்னால் தெரியவந்தால் ஒப்பந்தத்தை அன்றைக்கே முறிக்கும் விதி அந்த நாற்பது பக்கத்தில் எங்கோ இருக்கும், தேடிப் படியுங்கள். அவர்கள் உங்களை அவமதிக்கக் கேட்கவில்லை. பன்னாட்டு நிறுவனங்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் நடுவில் நிற்கும் ஆளால்தான்.

17ஏ உங்கள் மூன்று பேர் கம்பெனிக்கும் பொருந்தும். தப்பிக்க ஒரே வழி, ‘போதுமான நடைமுறைகள்’ வைத்திருந்தேன் என்று காட்டுவது. 2018 டிசம்பரில் வந்த அரசாங்க வழிகாட்டி அதை ஐந்தாகச் சொல்கிறது: மேலிடத்தின் உறுதி, ஆபத்து மதிப்பீடு, கட்டுப்பாடுகள், முறையான மறுஆய்வு, பயிற்சி. ஆலோசகருக்கு முப்பதாயிரம் கொடுத்து, லஞ்சத் தடுப்பு முறைக்கான ஐஎஸ்ஓ 37001 சான்றிதழ் வாங்கிச் சுவரில் மாட்டினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் அளவுக்கு ஒரு பக்கத்தில் விதி, ரசீது இல்லாமல் ரொக்கம் இல்லை என்ற பழக்கம், மூன்று பேரும் உட்கார்ந்து பேசியதற்கு ஒரு குறிப்பு, தேதியோடு. அதை உண்மையாகவே செய்யுங்கள்.

இதெல்லாம் நம்மைப் போன்ற சின்ன ஆட்களுக்குத்தானே? பெரிய இடத்தில் யார் கேட்கிறார்கள்?

இந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் பல நூறு கோடி டாலர் சுருட்டப்பட்ட மலேசிய அரசு முதலீட்டு நிறுவனம் ஒன் எம்டிபியைப் பாருங்கள். 2012, 2013இல் கோல்ட்மேன் சாக்ஸ் வங்கி அதற்கு மூன்று தடவையாக 650 கோடி டாலர் கடன்பத்திரம் ஏற்பாடு செய்து, சுமார் 60 கோடி டாலர் கட்டணம் வாங்கியது. அந்த வங்கியில் இணக்கப் பிரிவு இல்லையா? இருந்தது. இந்த மோசடியின் சூத்திரதாரி என்று குற்றம் சாட்டப்பட்ட ஜோ லோவைத் தனிப்பட்ட வாடிக்கையாளராகச் சேர்க்கவே முடியாது என்று அதுதான் மறுத்திருந்தது. அதே ஆள் இந்தப் பேரத்தில் இருக்கிறாரா என்று சந்தேகப்பட்டுக் கேட்கவும் செய்தார்கள். பேரத்தை நடத்திய டிம் லெய்ஸ்னர் “இல்லை” என்றார். அந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொண்டு, வேறெங்கும் சரிபார்க்காமல் விட்டார்கள். 2020 அக்டோபரில் அதன் மலேசியக் கிளை அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. தீர்வுத் தொகை 290 கோடி டாலருக்கு மேல். அதற்கு முன் ஜூலையில் மலேசியாவோடு தனி உடன்பாடு, ரொக்கம் மட்டும் 250 கோடி டாலர். அதே வங்கியில் இருந்த மலேசியர் ரோஜர் இங்குக்கு 10 ஆண்டு சிறை.

இதைப் படித்தபோது என்னை உலுக்கியது பணம் அல்ல, அந்த ஒரு “இல்லை”தான். ஆயிரம் பேர் வேலை செய்யும் இணக்கப் பிரிவும், ரசீது கேட்டுவிட்டு ரன்னரின் சிரிப்போடு திரும்பிவரும் கெராணியும் அந்த இடத்தில் ஒன்றுதான். கேட்டால் மட்டும் போதாது, கிடைத்த பதிலைச் சரிபார்க்கவும் வேண்டும்.

தீபாவளிக்கு அதிகாரிகளுக்கு ஹேம்பர் (பரிசுக்கூடை) அனுப்பலாமா? முறுக்கு, அதிரசம்கூடவா தப்பு? அவர்கள் விளையாட்டுக் கிளப்புக்கு நன்கொடை கேட்டால்?

உங்கள் லைசென்ஸோ அனுமதியோ அவர் மேசையில் கிடக்கும்போது எதுவும் அனுப்பாதீர்கள், முறுக்குகூட. திறந்த இல்ல உபசரிப்புக்கு எல்லோரையும் அழையுங்கள், வந்தால் வயிறாரச் சாப்பாடு போடுங்கள், அது நம் பண்பு. வீட்டு வாசலில் போய் இறக்கும் ஹேம்பர் வேறு.

கிளப் நன்கொடை அதைவிட ஆபத்து, பார்க்கப் புண்ணியமாகத் தெரிவதால். 2020 ஜனவரியில் ஏர்பஸ் பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா மூன்றுக்கும் 360 கோடி யூரோ கட்ட ஒப்புக்கொண்டது. பிரிட்டிஷ் வழக்கு ஆவணத்தில் மலேசியா தொடர்பான பகுதியில் இருப்பது, விமானம் வாங்கிய தரப்பின் நிர்வாகிகளுக்குச் சொந்தமான விளையாட்டு அணிக்குப் போன 5 கோடி டாலர் விளம்பர ஆதரவுத் தொகை. கோயில் திருப்பணியாக இருந்தாலும், கேட்டவர் யார், அவர் கையில் உங்கள் காரியம் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

அமெரிக்க வரிக்குப் பயந்து, சீனாவிலிருந்து வரும் பெட்டிக்கு மலேசியப் பொருள் என்று இங்கே லேபிள் மாற்றி அனுப்பச் சொல்கிறார் ஒரு வாடிக்கையாளர்.

தொடாதீர்கள். அமெரிக்காவுக்குப் போகும் சரக்குக்கான பிறப்பிடச் சான்றிதழை 2025 மே 6 முதல் மித்தி (முதலீடு, வர்த்தக, தொழில் அமைச்சு) மட்டுமே தருகிறது, காரணமே இந்த வேலைதான். அமெரிக்காவிலிருந்து வரும் உயர்திறன் ஏஐ சில்லுகளுக்கும் 2025 ஜூலை 14 முதல் ஏற்றுமதி, மாற்றுக் கப்பலேற்றம் எதற்கும் அனுமதி வேண்டும்.

ஓர் அதிகாரி வாய்திறந்தே கேட்டுவிட்டார். நான் கொடுக்கவில்லை. அதோடு முடிந்ததா?

முடியவில்லை. பலருக்கு இது தெரியாது. 25ஆம் பிரிவுப்படி, உங்களிடம் லஞ்சம் கேட்டால் முடிந்தவரை சீக்கிரம் ஊழல் தடுப்பு ஆணையத்திடமோ போலீஸிடமோ புகார் செய்வது கடமை. தகுந்த காரணம் இல்லாமல் விட்டால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். உங்களுக்கு யாராவது லஞ்சம் கொடுக்க வந்து நீங்கள் சொல்லாவிட்டால் இன்னும் கடுமை: 1 லட்சம் வரை, 10 ஆண்டு வரை. கேட்ட நேரம், இடம், சொன்ன வார்த்தை மூன்றையும் அன்றைக்கே எழுதிவையுங்கள்.

பெயர் வேண்டாம் அக்கா. ஒரு வருடமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டு பிள்ளைகள். என்ன செய்வது?

மூன்று தடவை படித்தேன் உங்கள் கடிதத்தை. முதலில் இன்றோடு நிறுத்துங்கள், அடுத்த இன்வாய்ஸில் கையெழுத்து வேண்டாம். இரண்டாவது, நிறுவனத்துக்கு வெளியே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். நிறுவனத்தின் வழக்கறிஞர் நிறுவனத்தைத்தான் காப்பாற்றுவார். காசு இல்லையென்றால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் ஜார்ஜ் டவுனிலும் இருக்கிறது. புகார் சொல்பவரைக் காக்கும் 2010 சட்டத்தின் பாதுகாப்பு, அமலாக்க அமைப்பிடம் சொன்னால்தான் கிடைக்கும். மேனேஜரிடம் புலம்பினாலும் முகநூலில் எழுதினாலும் கிடைக்காது. நீங்களும் கையெழுத்துப் போட்டிருப்பதால் எதை, எந்த வரிசையில் சொல்வது என்பதை வழக்கறிஞரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

அதுவரை ரன்னரிடம் இதைப் பற்றிப் பேச வேண்டாம். வாட்ஸ்அப்பில் இருப்பதை அழிக்காதீர்கள், ஒரு வரிகூட. “போடு” என்று மேனேஜர் எங்காவது எழுதியிருந்தால் அது அங்கேதான் இருக்கும்.