விஷவாயு முகமூடி: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டாம் உலகப்போர் கால லண்டன் புகைப்படம் ஒன்றைப் பார்த்தேன். பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவர் தோளிலும் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி. உள்ளே விஷவாயு முகமூடியாம். தேடிப் பார்த்தால் ஒரு ரப்பர் துண்டு, ஒரு தகர டப்பா, அவ்வளவுதான். மூச்சை வெளியே விட வால்வுகூடக் கிடையாது. ராணுவத்துக்கு நல்லதைக் கொடுத்துவிட்டு மக்கள் தலையில் மட்டமானதைக் கட்டிவிட்டார்களா?

ஆர், மதுரை

அன்புள்ள ஆர்,

இல்லை. அந்த வால்வு இல்லாததுதான் எனக்கு அதில் மிகவும் பிடித்த விஷயம்.

1938 செப்டம்பரில், செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியை ஹிட்லர் கேட்டு, போர் வந்துவிடும் என்று எல்லோரும் பயந்த மியூனிக் நெருக்கடியின்போது, பிரிட்டன் கிட்டத்தட்ட 3 கோடியே 80 லட்சம் முகமூடிகளை மக்களுக்குக் கொடுத்தது. அவ்வளவு செய்ய வேண்டுமென்றால் ஒவ்வொரு உதிரிப்பாகமும் செலவு, தாமதம். சிப்பாய் அதைப் போட்டுக்கொண்டு ஓட வேண்டும், சுட வேண்டும். அதனால் அவனுக்குக் குழாய், தனி வடிகட்டி, வெளிமூச்சு வால்வு எல்லாம் உண்டு. ஒரு பாட்டி பதுங்கிடம் வரை நடந்துபோய் உட்கார்ந்தால் போதும்.

அதனால் கன்னத்தையே வால்வாக்கினார்கள். மூச்சை இழுத்தால் மெல்லிய ரப்பர் முகத்தோடு ஒட்டிக்கொள்ளும். டப்பாவின் அடியிலுள்ள ரப்பர் வில்லை திறந்து, காற்று வடிகட்டி வழியாக உள்ளே வரும். மூச்சை விட்டால் வில்லை மூடிவிடும், காற்று கன்னத்து ஓரமாக ரப்பரைத் தள்ளிக்கொண்டு வெளியே போகும். அப்போது வரும் 'புர்ர்' சத்தத்துக்காகவே பிள்ளைகள் பயிற்சி நேரத்துக்குக் காத்திருந்தார்கள். சரியாகப் பொருந்துகிறதா என்று பார்ப்பதும் எளிது: டப்பாவின் அடியில் ஒரு அட்டையை வைத்து மூடி மூச்சை இழுக்க வேண்டும். ரப்பர் கன்னத்தில் ஒட்டி அமுங்கினால் ஓட்டை இல்லை. கண்ணுக்கு எதிரே இருந்த பிளாஸ்டிக் ஜன்னல் மூச்சுப் பட்டு மங்கும். உள்பக்கம் சோப்புத் தடவிக்கொள்ளச் சொன்னார்கள்.

இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு முகமூடி கிடையாது. இடுப்பு வரை உள்ளே வைத்துக் கட்டும் பெரிய கவசம் ஒன்று. பக்கவாட்டில் கைத்துருத்தி. அம்மா அதை அடித்துக்கொண்டே இருந்தால்தான் உள்ளே வடிகட்டிய காற்று போகும். கை ஓய்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டுதானே அந்த அம்மாக்கள் பயிற்சி எடுத்திருப்பார்கள்! அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

ஆனால் அநியாயம் என்று நீங்கள் கேட்டால், அது வேறு இடத்தில் நடந்தது. வடிகட்டியில் இரண்டு அடுக்கு. ஒன்று ஆக்டிவேட்டட் கார்பன், நம் வீட்டுத் தண்ணீர் ஃபில்டரில் இருக்கும் அதே கரி. வாயுவைப் பிடிப்பது அது. இன்னொன்று நச்சுப் புகையின் நுண்துகளைத் தடுக்க; அதில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், சேர்த்தார்கள். இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரத் தொழிற்சாலையில் செய்த மக்களுக்கான முகமூடிகளில் வெள்ளைக் கல்நார். நாட்டிங்ஹாம் நகரில் செய்த ராணுவ முகமூடிகளில் நீலக் கல்நார். இரண்டில் அதுதான் கொடியது. தொழிற்சாலையில் இதைக் கையாண்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நீலக் கல்நாரில் வேலை செய்தவர்களில் பலர், போர் முடிந்து பல பத்தாண்டுகள் கழித்து, நுரையீரல் உறையில் வரும் மெசோதீலியோமா புற்றுநோயால் இறந்தார்கள். போர் முழுவதும் பிரிட்டிஷ் நகரம் எதன் மீதும் விஷவாயுக் குண்டு விழவில்லை.

அப்புறம் ஒன்று. பழைய பொருள் விற்கும் இடத்தில் இப்படி ஒரு முகமூடி கையில் கிடைத்தால், உள்ளே அந்தக் கல்நார் இருக்கலாம் என்பதால், தயவுசெய்து மாட்டிப் பார்க்காதீர்கள், டப்பாவைக் குலுக்கவும் வேண்டாம். பிரிட்டனிலேயே பள்ளிகளில் பிள்ளைகளிடம் இதைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.