எல்லைக்கோடும் விலைப்பட்டியலும்: போதைப்பொருள் சந்தை பற்றிய கேள்வி பதில்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் குடியிருந்துகொண்டு நெடுங்காலம் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவன் என்ற தகுதியில் மட்டுமே இங்கே பதில் எழுதுகிறேன். மருத்துவமும் வழக்காடலும் என் துறைகள் அல்ல. ஒரு வேண்டுகோளை முன்கூட்டியே வைத்துவிடுகிறேன்: 'பிடிபட்ட சரக்கின் மதிப்பு இத்தனை கோடி' என்னும் செய்தித் தலைப்பைச் சான்றாகக் கொண்டு யாரும் வாதிட வேண்டாம். சில்லறை விலையைக் கொண்டு மொத்தச் சரக்கைப் பெருக்கிப் பெறும் அந்த எண்ணுக்குப் பொருள் மிகக் குறைவு.

கஞ்சா எந்த மண்ணிலும் முளைக்கும் செடிதானே, அதற்கு ஏன் இந்த விலை? (வேலந்தாவளம், லாரி உரிமையாளர்)

நீங்கள் வாங்கும் விலையில் செடிக்கு உரியது சொற்பம். மீதி அனைத்தும் சிறைக்குப் போகும் அபாயத்துக்கான கூலி. ஆந்திரத்தில் இன்றைய அல்லூரி சீதாராம ராஜு மாவட்டத்து மலைகளிலோ ஒடிசாவின் மல்கான்கிரிப் பக்கத்திலோ விளைகிற சரக்கு வாளையார் எல்லையைத் தாண்டிக் கேரளத்துக்குள் வருவதற்குள் பல கைகள் மாறுகிறது. ஒவ்வொரு கையும் தான் பிடிபடக்கூடிய வாய்ப்புக்கு ஒரு தொகையைக் கூட்டிக்கொண்டுதான் அடுத்த கைக்கு விடுகிறது. பீட்டர் ராய்ட்டர், மார்க் கிளைமன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் 1986-இல் இதை முறையாக எழுதிவைத்தார்கள். அவர்கள் வாதத்திலிருந்து ஓர் எதிர்பாராத முடிவு கிடைக்கிறது. விளையும் இடத்துக்கு அருகே ஒரு டன்னைப் பிடித்து எரித்தாலும், வியாபாரி இழப்பது அந்த இடத்தின் மலிவான விலையை மட்டுமே. எனவே தெருவில் விலை ஏறக்குறைய அசையாமலே இருக்கும்.

இனி, விலை உயர்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். நூறு ரூபாய்க்கு நூறு பொட்டலம் விற்ற இடத்தில் வரவு 10,000 ரூபாய். பழகியவர்கள் எளிதில் விடமாட்டார்கள் என்பதால், விலை 120 ஆனபோது விற்பனை 95 பொட்டலமாகத்தான் குறைந்தது என்றால் வரவு 11,400 ரூபாய். நுகர்வு குறைந்தது, கள்ளச் சந்தையின் கல்லாவோ நிறைந்தது. பொருளாதார அறிஞர் கேரி பெக்கரும் உடன் எழுதிய இருவரும் 2006-இல் காட்டிய கணக்கின் சாரம் இதுவே. தடை என்பது ஒரு வரி. ஆனால் அதை வசூலிப்பது அரசு அன்று, கள்ளச் சந்தை.

கஞ்சாவை ஒரு கிலோவுக்குள் வைத்திருந்தால் வழக்கு வராது என்கிறார்களே? (பாலக்காடு, மாணவர்)

தவறு, தம்பி. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஒரு கிலோ வரை 'சிறிய அளவு', அவ்வளவுதான். அதற்கும் ஓராண்டு வரை கடுங்காவலோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு.

சிங்கப்பூர் போலத் தூக்கில் போட்டால் அடங்கிவிடாதா? (மீனாட்சிபுரம்)

நம் சட்டத்திலும் மீண்டும் பெரிய அளவில் பிடிபடுபவருக்கு மரண தண்டனை விதிக்க 1989 முதலே இடமிருக்கிறது. கடத்துபவர் கணக்கிடுவது தண்டனையின் கொடுமையை மட்டுமல்ல, பிடிபடுவோமா என்பதையும்தான். நூற்றில் ஒருவர் பிடிபடும் பாதையில் தண்டனையை இரட்டிப்பாக்கினால், மீதித் தொண்ணூற்றொன்பது பேர் கேட்கும் கூலிதான் உயரும். சிங்கப்பூர் சில மணி நேரத்தில் குறுக்கே கடந்துவிடக்கூடிய தீவு; இங்கே தென்னந்தோப்புக்கு நடுவே வாய்க்காலைத் தாண்டினால் வேறு மாநிலம்.

பிள்ளைகள் கஞ்சாவை விட்டு எம்டிஎம்ஏ என்ற செயற்கைப் போதைப்பொருள் பக்கம் போனது எதனால்? (நல்லேப்பிள்ளி, ஆசிரியை)

காரணங்கள் பல; பொருளாதாரம் சொல்லக்கூடிய காரணத்தை மட்டும் சொல்கிறேன். சட்டம் மிகக் கடுமையாகத் தண்டிக்கத் தொடங்கும் 'வணிக அளவு' கஞ்சாவில் 20 கிலோ, எம்டிஎம்ஏவில் 10 கிராம். இருபது கிலோ மூட்டைக்கு மணமும் பருமனும் உண்டு, பத்து கிராமோ சட்டைப் பைக்குள் அடங்கிவிடும். சோதனை இறுகும்போது, ஒரு கிராமுக்கு அதிக வரவு தரும் சரக்கே பயணத்துக்கு ஏற்றதாகிறது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்த காலத்தில் பீர் பின்வாங்கிச் சாராயம் முன்னே வந்ததும் இதே காரணத்தால்தான்.

சென்ற வாரம் பிடிபட்டது பல கோடி மதிப்பு என்கிறார்கள், அப்படியென்றால் சந்தை முடங்கியிருக்க வேண்டுமே?

முதல் பத்தியைப் படிக்கவும்.

ஒரே தென்னைமரம். எல்லைக்குக் கேரளப் பக்கம் கள் இறக்கினால் தொழில், தமிழ்நாட்டுப் பக்கம் இறக்கினால் குற்றம். இதில் என்ன பொருளாதாரம்? (பொள்ளாச்சிப் பக்கம், தென்னை விவசாயி)

இன்று வந்தவற்றில் சிறந்த கேள்வி இது; கள் போதைப்பொருளா என்று சண்டைக்கு வருபவர்கள் சற்றுப் பொறுக்கவும். தமிழ்நாடு 1987 சனவரி முதல் கள்ளைத் தடைசெய்திருக்கிறது. சொல்லப்பட்ட காரணம் கலப்படம். கேரளம் கள்ளை அனுமதித்து, 1996 ஏப்ரலில் சாராயத்தைத் தடைசெய்தது. ஒரே நோய்க்கு இரு மாநிலங்கள் இரண்டு மருந்தைத் தேர்ந்தன. ஐந்தாறு விழுக்காடு ஆல்கஹால் உள்ள பானத்தை விலக்கிவிட்டு, 42.8 விழுக்காடு உள்ள மதுவை 2003 முதல் தமிழ்நாடு அரசே சில்லறைக் கடையில் விற்பது வருவாய்க்கு உகந்தது, உடலுக்கு உகந்ததென்று என்னால் சொல்ல முடியவில்லை.

அதற்காகக் கேரளத்தைப் புகழ்ந்துவிடவும் மாட்டேன். நம் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்துக் கள் நாள்தோறும் வண்டியேறித் தெற்கு மாவட்டங்களுக்குப் போகிறது. கோடையில் மரம் குறைவாகத் தரும். கடையோ எல்லா நாளும் திறந்திருக்கும். அந்த இடைவெளியை நிரப்புவது எது என்பதற்கு விடை, அவ்வப்போது எல்லையில் பிடிபடும் ஸ்பிரிட் கன்னாசுகளில், அதாவது எரிசாராயக் கேன்களில், இருக்கிறது.

மூன்று தலைமுறையாக மரம் ஏறுகிறவர்கள் நாங்கள். எங்கள் கள்ளைக் கலப்படம் என்பது அவமதிப்பு. (எருத்தேம்பதி)

ஐயா, மரத்தடியில் இறங்கும் கள்ளை நான் குறை கூறவில்லை. அதை நானும் குடித்து வளர்ந்தவன்தான். மரத்துக்கும் நூறு மைல் தொலைவிலுள்ள கடைக்கும் இடையே நடப்பதைத்தான் கூறுகிறேன். விளைச்சலோடு தொடர்பின்றிக் கடைகளின் எண்ணிக்கையை வைத்திருப்பது உங்கள் பிழையன்று.

கள்ளைத் திறந்திருந்தால் கள்ளக்குறிச்சியில் அத்தனை பேர் செத்திருக்க மாட்டார்கள். தடைதான் கொன்றது. (பொள்ளாச்சி விவசாயி மீண்டும்)

பாதி உண்மை. 2024 சூனில் அங்கே மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது தமிழ்நாட்டில் முழு மதுவிலக்கு இருக்கவில்லை. அரசுக் கடைகள் திறந்தே இருந்தன. கேரளத்தில் 2000-இல் கல்லுவாதுக்கலில் 31 பேர் இறந்தபோதும் கள்ளுக்கடைகள் இருந்தன. இரண்டு இடங்களிலும் இருந்தது மலிவான கள்ளச் சாராயம். குடித்தவர்கள் பெரும்பாலும் கூலிக்காரர்கள். வரி கூடக்கூட, கடை திறந்திருந்தாலும் ஏழைக்கு அது மூடிய கடைதான். ஆகையால் மலிவான, சோதிக்கப்பட்ட கள் சிலரைக் காத்திருக்கும் என்று ஏற்கிறேன். எல்லாரையும் காத்திருக்கும் என்பதை ஏற்கமாட்டேன்.

என் மகன் மாத்திரைக்குப் பழகிவிட்டான். போலீசுக்குச் சொல்லப் பயமாக இருக்கிறது. (ஒரு தாய்)

அம்மா, 14446 என்ற கட்டணமில்லா எண்ணை இன்றே அழையுங்கள். நுகர்ந்ததற்காகவோ சிறிய அளவுக்காகவோ வழக்கில் சிக்கிய, பழக்கத்துக்கு அடிமையான ஒருவர் தாமாகச் சிகிச்சைக்கு முன்வந்தால், அந்த வழக்கிலிருந்து பாதுகாப்புத் தர 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு இருக்கிறது. விவரத்தை ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

போர்ச்சுகல் எல்லாவற்றையும் சட்டபூர்வமாக்கிவிட்டதே?

ஆக்கவில்லை. 2001 முதல் பத்து நாள் தேவைக்குள் வைத்திருப்பது அங்கே குற்ற வழக்கிலிருந்து ஆலோசனைக் குழுவின் விசாரணைக்கு மாறியது. விற்பது இன்றும் குற்றம்.

தூக்குத் தண்டனை கொண்டுவந்தால்...

மீண்டும் அதே கேள்வி. மீனாட்சிபுரத்துக்காரருக்கு எழுதிய பதிலே உங்களுக்கும்.

கள்ளுக்கடை எண்ணிக்கையை விளைச்சலோடு எப்படி இணைப்பது? (எருத்தேம்பதி, மீண்டும்)

இப்போதுதான் பேச்சு பயனுள்ள இடத்துக்கு வந்திருக்கிறது. மரத்துக்கு எண், இறக்கிய அளவுக்கு அன்றாடப் பதிவு, வண்டி கிளம்பும் அளவும் கடையில் இறங்கும் அளவும் ஒத்திருக்கிறதா என்ற சரிபார்ப்பு: இந்த மூன்றும் ஒரே பேரேட்டில் இருக்க வேண்டும். பங்குனி, சித்திரையில் பதிவு குறையும்போது கடை பாதி நாள் மூடியிருக்க வேண்டும். அப்படி மூடுவதைக் கடைக்காரர் ஏற்கும்படி உரிமக் கட்டணத்தையும் அந்த மாதங்களுக்குக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் கட்டிய பணத்தை எடுக்க அவர் கன்னாசைத்தான் தேடுவார்.