மூலநிரலைப் பூட்டும் கையெழுத்து

கேள்வி: சுங்க வரிக்காக நாடுகள் மோதிக்கொள்வது புரிகிறது. ஆனால் வர்த்தக ஒப்பந்தங்களில் வரும் டிஜிட்டல் பிரிவு வெறும் தொழில்நுட்ப விவரம்தானே? அதற்கு ஏன் இத்தனை எதிர்ப்பு?

பதில்: வெறும் தொழில்நுட்ப விவரம் என்று நம்பித்தான் பல நாடாளுமன்றங்கள் அந்தப் பக்கங்களைப் புரட்டாமலே விட்டுவிடுகின்றன. சுங்க வரியை விட்டுக்கொடுத்தால் வருமானம் போகும். டிஜிட்டல் பிரிவில் விட்டுக்கொடுத்தால், நாளை ஒரு சட்டம் இயற்றும் உரிமையே போகும்.

2018 டிசம்பர் 30இல் நடைமுறைக்கு வந்த பசிபிக் நாடுகளின் சிபிடிபிபி ஒப்பந்தத்தைப் பாருங்கள். தரவு எல்லை தாண்டுவதைத் தடுக்கக் கூடாது. சர்வரை உள்நாட்டில்தான் வைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. மென்பொருளை விற்க அனுமதிப்பதற்கு அதன் மூலநிரலை, அதாவது அதை உருவாக்க எழுதிய கட்டளை வரிகளை, கேட்கக் கூடாது. அமெரிக்கா, மெக்சிகோ, கனடா செய்துகொண்டு 2020இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் இந்த மூன்றாவது விதியை அல்காரிதம் வரை, அதாவது மென்பொருள் முடிவெடுக்கும் படிமுறை வரை, நீட்டியது. குறிப்பிட்ட விசாரணைக்காகக் கேட்கலாம் என்று அதில் விலக்கு இருப்பது உண்மை. ஆனால் யாருக்குக் கடன், யாருக்கு வேலை என்று தீர்மானிக்கும் மென்பொருளைச் சந்தைக்கு வரும் முன்பே சோதிக்க நினைக்கும் அரசுக்கு அந்த விலக்கு உதவுமா? பாதிப்பு நடந்த பிறகு விசாரிப்பது வேறு, நடக்காமல் தடுப்பது வேறு.

இவ்விதிகளை ஊர் ஊராகக் கொண்டுசென்ற அமெரிக்காவே, 2023 அக்டோபரில் உலக வர்த்தக அமைப்பின் பேச்சுகளில் இவற்றுக்கு அளித்த ஆதரவை விலக்கிக்கொண்டது. பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களை எப்படிக் கட்டுப்படுத்துவது என்ற விவாதம் உள்நாட்டில் முடியவில்லை, அதற்கு இடம் வேண்டும் என்பது அது சொன்ன காரணம். நியாயமான காரணம்தான். அப்படியானால், தரவுப் பாதுகாப்புச் சட்டமே இன்னும் இயற்றாத ஒரு சிறிய நாட்டை முதலில் கையெழுத்திடச் சொல்வது அநியாயம்.

தரவு தாராளமாகப் போய்வருவதை நான் எதிர்க்கவில்லை. சிறு ஏற்றுமதியாளருக்கு அது பெரிய உதவி. எந்த விலக்கோடு என்பதே கேள்வி. 2020இல் கையெழுத்தான, ஆசிய-பசிபிக் நாடுகளின் ஆர்சிஇபி வர்த்தக ஒப்பந்தமும் தரவைத் தடுக்காதே என்றுதான் சொல்கிறது. ஆனால் அத்தியாவசியப் பாதுகாப்பு என்று ஒரு நாடு சொல்லிவிட்டால் மற்ற நாடு அதை எதிர்த்து வாதாட முடியாது. ஜப்பான், வியட்நாம், ஆஸ்திரேலியா உட்பட ஏழு நாடுகள் இரண்டு ஒப்பந்தங்களிலும் உள்ளன. ஒன்றில் இறுக்கமான வாக்குறுதி, மற்றொன்றில் எப்போதும் திறந்திருக்கும் பின்வாசல்.

இது பொருளாதார உறவை எப்படி வளைக்கிறது என்பதற்குக் கனடாவே சாட்சி. பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களின் வருவாய் மீது கனடா டிஜிட்டல் சேவை வரி விதித்ததற்காக, 2025 ஜூனில் அமெரிக்க அதிபர் டிரம்ப் வர்த்தகப் பேச்சையே முறித்தார். முதல் தவணை வசூலாக வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு கனடா வரியைக் கைவிட்டது. சீனா 2021 செப்டம்பரில் சிபிடிபிபியில் சேர விண்ணப்பித்தது. அதே ஆண்டு அது நடைமுறைப்படுத்திய தரவுச் சட்டங்களும் அந்த ஒப்பந்தத்தின் தரவு விதிகளும் ஒத்துப்போகுமா என்பது, விண்ணப்பத்தில் அவிழாத முடிச்சுகளில் ஒன்று.