வேர்க்குழாயை மீயொலியால் கழுவுவது பாதுகாப்பானதா?

கேள்வி: எனது கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் சிகிச்சை நடைபெறுகிறது. அடுத்த முறை அல்ட்ராசோனிக் (மீயொலி) கருவியால் வேர்க்குழாயைக் கழுவப்போவதாக மருத்துவர் கூறினார். அந்த அதிர்வால் வேரில் விரிசல் விழுமா? சிரிஞ்சால் கழுவினால் போதாதா?

பதில்: வேர்க்குழாய் நேரான, உருண்டையான குழாய் அன்று. கீழ்க் கடைவாய்ப் பல்லின் முன்வேரில் பெரும்பாலும் இரண்டு குழாய்கள் இருக்கும். அவற்றை மெல்லிய இடுக்கு ஒன்று இணைப்பதும், பக்கவாட்டில் நுண்கிளைகள் பிரிவதும் உண்டு. குழாயைச் செதுக்கும் மெல்லிய கருவியான ஃபைலை எவ்வளவு கவனமாகக் கையாண்டாலும் குழாய்ச் சுவரின் கணிசமான பகுதியில் அது படுவதே இல்லை. அங்கே ஒட்டியிருக்கும் கிருமிப் படலத்தை அழித்து, இறந்த திசுவைக் கரைக்கும் வேலை சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலுடையது. ஆனால் சிரிஞ்சு வழியாகச் செலுத்தும் கரைசல் ஊசி முனையைத் தாண்டிச் சிறிது தொலைவே செல்லும்; வேர்நுனியருகே காற்று அடைத்துக்கொண்டால் அதுவும் தடைப்படும்.

குழாயைச் செதுக்கி முடித்துக் கரைசலை நிரப்பிய பின், அல்ட்ராசோனிக் கருவியின் மெல்லிய முனையை வேர்நுனிக்கு ஓரிரு மில்லிமீட்டர் முன்பாக நிறுத்தி, நொடிக்கு ஏறத்தாழ 25,000 முதல் 30,000 முறை அதிரச் செய்வார்கள். அப்போது எழும் சுழலோட்டம் கரைசலை இடுக்குகளுக்குள் செலுத்துகிறது. வழக்கமாக 20 நொடி வீதம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் புதிய கரைசலுடன் இதைச் செய்வார்கள். செதுக்கும்போது சுவரில் அப்பிய தூள்படிவை நீக்க 17% ஈடிடிஏ கரைசலும் பயன்படும்.

இம்முனை வெட்டுவதற்கானது அன்று. சுவரில் படாமல் அதிர்ந்தால்தான் நன்றாக வேலை செய்யும். வளைந்த குழாயில் அது சுவரில் அழுந்தினால் தழும்பு விழலாம், அரிதாக முனை முறியலாம். எனவே மருத்துவரின் கைப்பக்குவம் முக்கியம். மற்றபடி, குறைந்த ஆற்றலில் இவ்வளவு குறுகிய நேரம் பயன்படுத்துவதால் வேர் பிளந்துவிடும் என்று அஞ்சத் தேவையில்லை. பல்திசுவை அளவுக்கு மீறிச் செதுக்குவதும், சிகிச்சைக்குப் பின் பல்லுக்கு உறை (கேப்) போடாமல் கடினமானவற்றைக் கடிப்பதுமே வேர் பிளவுபடுவதற்குப் பெரிய காரணங்கள்.

இடுக்குகள் இம்முறையில் கூடுதலாகச் சுத்தமாவது ஆய்வகச் சோதனைகளில் தெரிகிறது. ஆனால் வேர்நுனிப் புண் ஆறுவதில் பெரிய வேறுபாடு இருப்பதாக நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகள் இன்னும் தெளிவாக நிறுவவில்லை. ஆகவே உங்கள் மருத்துவர் பரிந்துரைத்தால் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். கருவி இல்லை என்பதற்காக மட்டும் ஒருவர் மருத்துவரை மாற்ற வேண்டியதில்லை. எச்சில் புகாமல் பல்லைச் சுற்றி ரப்பர் டேம் என்ற மெல்லிய ரப்பர் விரிப்பைப் பொருத்துகிறாரா என்று கேட்பது அதைவிடப் பயனுள்ள கேள்வி என்பேன்.

பல் மரத்திருப்பதால் பெரும்பாலும் வலி தெரியாது. திடீரெனக் கடும் எரிச்சலோ வீக்கமோ தோன்றினால், கரைசல் வேர்நுனிக்கு வெளியே கசிந்திருக்கக்கூடும் என்பதால், உடனே கையை உயர்த்தி மருத்துவரை நிறுத்தச் சொல்லுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தால் அதையும் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.