ஏழாம் இடத்தில் முடித்த கிளப் சாம்பியன்ஸ் லீக்குக்குப் போனது எப்படி?

கேள்வி: என் மகள் ஸ்பெயினின் வில்லாரியல் கிளப்புக்குத் தீவிர ரசிகை. "லீக்கில் ஏழாவதாக வந்தோம், ஆனாலும் அடுத்த வருஷம் சாம்பியன்ஸ் லீக் ஆடினோம்" என்று பழைய கதை ஒன்றைப் பெருமையாகச் சொல்கிறாள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒரே கிளப் ஒரே சமயத்தில் மூன்று நான்கு போட்டிகளில் ஆடுகிறது. எந்தப் பட்டியலைப் பார்ப்பது? எந்த ஆட்டத்துக்கு ராத்திரி கண்விழிப்பது?

பதில்: உங்கள் மகள் சொல்வது 2020-21 சீசனை. அதையே எடுத்துக்கொள்வோம். ஸ்பானிஷ் கால்பந்தின் கணக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்த சீசன்கள் குறைவு.

ஸ்பெயினின் முதல் பிரிவு லீக்கான லா லீகாவில் 20 கிளப்புகள். பட்டம் பெரும்பாலும் ரியல் மாட்ரிடுக்கோ பார்சிலோனாவுக்கோ போகும். எப்போதாவது அத்லெடிகோ மாட்ரிட் நடுவில் புகுந்து தட்டிச் செல்லும். மற்றவர்களுக்கு சீசனே வேறு. அடுத்த வருஷம் ஐரோப்பாவில் எந்தப் போட்டியில் இடம் கிடைக்கும், அதுவும் இல்லையென்றால் இரண்டாம் பிரிவுக்கு இறங்காமல் தப்புவோமா, இதுதான் அவர்கள் கவலை. லீக், கோப்பை, ஐரோப்பியப் போட்டி என்று தனித்தனியாகப் பார்ப்பதால்தான் உங்களுக்குக் குழப்பம். மூன்றும் அடுத்த வருஷத்து ஐரோப்பிய இடத்துக்கான மூன்று வழிகள் என்று வைத்துக்கொண்டு பாருங்கள்.

லீக் வழி எளிது. ஒவ்வொரு கிளப்புக்கும் 38 ஆட்டம். முதல் நான்கு இடங்களுக்கு ஐரோப்பியக் கிளப்புகளின் உச்சப் போட்டியான சாம்பியன்ஸ் லீக், ஐந்தாம் இடத்துக்கு அதற்கு அடுத்த படியான யூரோபா லீக், கடைசி மூன்று கிளப்புகள் கீழே இறங்கும். வில்லாரியல் 2019-20ல் ஐந்தாவதாக வந்து யூரோபா லீக்கில் நுழைந்தது இப்படித்தான். ஆனால் 2020-21 லீக்கில் 15 வெற்றி, 13 டிரா, 10 தோல்வி. 58 புள்ளிகளோடு ஏழாம் இடம். கெரார்ட் மொரேனோ லீக்கில் மட்டும் 23 கோல் போட்ட வருஷம் அது. அப்படியும் அத்தனை டிரா. கடைசி ஆட்டத்தில்கூட ரியல் மாட்ரிட் மைதானத்தில் 1-0 என்று முன்னிலையில் இருந்து, கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் வாங்கித் தோற்றார்கள்.

கோப்பை என்பது கோபா டெல் ரே, அதாவது மன்னர் கோப்பை. அரையிறுதி தவிர மற்ற சுற்றுகளில் ஒரே ஆட்டம், தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்த வருஷம் காலிறுதியில் லெவாண்டேவிடம் கூடுதல் நேரத்தில் ஒரு கோல் வாங்கி வில்லாரியல் வெளியேறியது. ஆக, இரண்டு வழி போயிற்று.

மிச்சமிருந்தது யூரோபா லீக். அங்கே மட்டும் இந்த அணி தோற்கவே இல்லை: 15 ஆட்டத்தில் 12 வெற்றி, 3 டிரா. அரையிறுதியில் ஆர்சனலை முதல் ஆட்டத்தில் 2-1 என்று வென்று, லண்டனில் 0-0 என்று பிடித்துக்கொண்டார்கள். வெளியூரில் போட்ட கோலுக்கு அப்போது தனி மதிப்பு இருந்தது: இரண்டு ஆட்டமும் சேர்ந்து கோல் சமமானால், வெளியூரில் அதிகம் போட்டவர் மேலே போவார். லண்டனில் ஆர்சனல் ஒரு கோல் போட்டிருந்தால் மொத்தம் 2-2, ஸ்பெயினில் போட்ட கோலால் ஆர்சனல் மேலே, வில்லாரியல் வீட்டுக்கு. ஆர்சனலின் ஒபமெயாங் அடித்த பந்து இரண்டு முறை கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அந்த வெளியூர்க் கோல் விதி 2021-22லிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது இரண்டு ஆட்டக் கோல்களையும் சும்மா கூட்டிப் பார்த்தால் போதும்.

இறுதிப் போட்டி 2021 மே 26 அன்று போலந்தின் க்டான்ஸ்கில், மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக. மொரேனோ ஒரு கோல், யுனைடெட்டின் கவானி ஒரு கோல், 120 நிமிடம் முடிந்தும் 1-1. பெனால்டியில் இரு தரப்பிலும் களத்தில் இருந்த பத்துப் பேரும் அடித்துவிட்டார்கள், ஒருவர்கூடத் தவறவிடவில்லை. கடைசியில் கோல்கீப்பர்கள் அடிக்க வேண்டிய நிலை. வில்லாரியலின் ருல்லி பந்தை வலைக்குள் அனுப்பினார். அடுத்து டி கெயா அடித்ததைத் தடுத்தும் விட்டார். 11-10. சுமார் 50,000 பேர் வசிக்கும், டைல்ஸ் தொழிலை நம்பிய வியா-ரியல்தான் கிளப்பின் ஊர். 1923ல் தொடங்கிய கிளப்புக்கு அதுதான் முதல் பெரிய கோப்பை.

யூரோபா லீக்கை வென்றவர் உள்நாட்டில் எந்த இடத்தில் முடித்தாலும் அடுத்த சாம்பியன்ஸ் லீக்கில் ஆடலாம். உங்கள் மகளின் கதைக்கு விடை இதுதான். அடுத்த வருஷம் அதே அணி யுவென்டஸையும் பாயர்ன் மியூனிக்கையும் வெளியேற்றி அரையிறுதி வரை போனது. இதே போல, மூன்றாம் படியான கான்பரன்ஸ் லீக்கை வென்றவருக்கு யூரோபா லீக்.

இனிமேல்தான் கவனம் வேண்டும். யாராவது இரண்டு வழியில் இடம் பெற்றுவிட்டால், மிச்சமாகும் இடம் எங்கே போகும்? அது வழிக்கு வழி மாறுகிறது. மன்னர் கோப்பையை வென்றவருக்கு யூரோபா லீக் இடம் உண்டு. அவர் லீக் வழியாகவே ஐரோப்பாவுக்குப் போகிறார் என்றால் அந்த இடம் லீக் பட்டியலில் அடுத்தவருக்கு இறங்கும். கோப்பை இறுதியில் தோற்றவருக்குக் கிடையாது. 2023-24ல் அத்லெடிக் பில்பாவ் 40 வருஷம் கழித்துக் கோப்பையை வென்றது, லீக்கிலும் ஐந்தாவது. அதனால் ஆறாம் இடத்து ரியல் சோசியேடாடுக்கு யூரோபா, ஏழாம் இடத்து பெட்டிஸுக்கு கான்பரன்ஸ். இறுதியில் பெனால்டி வரை போராடிய மயோர்காவுக்கு ஐரோப்பாவில் ஒன்றுமில்லை. அதனால் பிப்ரவரி, மார்ச்சில் உங்கள் கிளப் கோப்பையிலிருந்து வெளியேறியிருந்தால், அரையிறுதியில் மிச்சமிருப்பவர்கள் லீக்கில் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். நால்வரும் மேல்வரிசைக்காரர்கள் என்றால் உங்கள் மகளுக்கு நல்ல செய்தி.

ஐரோப்பியக் கோப்பை வழியில் கணக்கு கடுமை. 2020-21ல் ஏழாம் இடத்துக்கு கான்பரன்ஸ் லீக் இடம் இருந்தது. வில்லாரியல் சாம்பியன்ஸ் லீக்குக்குப் போனதும் அந்த இடம் எட்டாவதாக வந்த செல்டா விகோவுக்கு இறங்கவில்லை. காணாமலே போயிற்று, மறு வருஷம் கான்பரன்ஸ் லீக்கில் ஸ்பானிஷ் கிளப்பே இல்லை. செல்டா ரசிகர்கள் க்டான்ஸ்க் முடிவைக் கொண்டாடியிருக்க மாட்டார்கள்.

2024-25 சாம்பியன்ஸ் லீக்கிலிருந்து இன்னொரு வழியும் திறந்தது. ஒரு சீசனில் எந்த இரண்டு நாடுகளின் கிளப்புகள் ஐரோப்பாவில் மொத்தமாக நன்றாக ஆடுகின்றனவோ, அந்த நாடுகளுக்கு அடுத்த சாம்பியன்ஸ் லீக்கில் கூடுதலாக ஒவ்வோர் இடம். 2024-25 சீசனில் ஆடியதற்காக இங்கிலாந்தும் ஸ்பெயினும் அதைப் பெற்றன. அந்த சீசனில் ஐந்தாவதாக வந்த வில்லாரியல் அந்த இடத்தில்தான் சாம்பியன்ஸ் லீக்குக்குப் போனது. அதாவது பெட்டிஸ் வெல்வதும் பில்பாவ் வெல்வதும் உங்கள் மகளுக்கு லாபம். பங்காளி ஜெயிக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளும் விசித்திரம் கால்பந்தில் இப்போதுதான் வந்திருக்கிறது.

பட்டியலைப் படிப்பதில் ஒரு எச்சரிக்கை. லா லீகாவில் இரண்டு கிளப் சம புள்ளியில் முடித்தால் முதலில் பார்ப்பது கோல் வித்தியாசத்தை அல்ல, அந்த இருவரும் தங்களுக்குள் ஆடிய இரண்டு ஆட்டங்களை. 2006-07ல் ரியல் மாட்ரிடும் பார்சிலோனாவும் 76 புள்ளி. கோல் வித்தியாசத்தில் பார்சிலோனா எங்கோ மேலே. ஆனால் நேருக்கு நேர் ரியல் மாட்ரிட் ஒன்றில் 2-0 வெற்றி, இன்னொன்றில் 3-3, பட்டம் அவர்களுக்கு. ஆகவே, பக்கத்து இடத்துக் கிளப்போடு ஆடும் ஆட்டத்துக்கு மூன்று புள்ளிக்கும் மேலே மதிப்பு. கண்விழிக்க வேண்டிய ஆட்டங்களில் முதலாவது அது.

ஸ்பானிஷ் சூப்பர் கோப்பை ஜனவரியில், லீக்கின் முதல் இருவரும் மன்னர் கோப்பை இறுதியாளர்கள் இருவரும் ஆடுவது. ஐரோப்பிய இடத்தோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. தூங்கலாம்.

ஐரோப்பிய இடம் கிடைப்பது எப்போதுமே சுகம் என்று எண்ணிவிடாதீர்கள். சின்ன கிளப்புக்கு அது சுமையும்கூட. இதே வில்லாரியல் 2011-12ல் சாம்பியன்ஸ் லீக் ஆடியது. முக்கிய வீரர் கசோர்லா விற்பனையாகிவிட்டார், அக்டோபரில் இன்னொரு முக்கிய வீரர் ரோஸ்ஸியின் முழங்கால் போயிற்று. குழுவில் ஆறு ஆட்டமும் தோல்வி. லீக்கில் 41 புள்ளியோடு பதினெட்டாம் இடம். இரண்டாம் பிரிவுக்கு இறங்கினார்கள். ஜிரோனா என்ற இன்னொரு ஸ்பானிஷ் கிளப்புக்கும் ஏறக்குறைய அதே கதி: 2023-24ல் 81 புள்ளியோடு மூன்றாவது. டோவ்பிக், சாவின்யோ, அலெய்க்ஸ் கார்சியா என்ற முக்கிய வீரர்கள் மூவரும் போன பிறகு மறு வருஷம் சாம்பியன்ஸ் லீக்கின் எட்டு ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி, லீக்கில் பதினாறாம் இடம். நவம்பர், டிசம்பரில் உங்கள் கிளப் வியாழக்கிழமை யூரோபா ஆடிவிட்டு ஞாயிற்றுக்கிழமை லீக்கில் தோற்றால் மகளைத் திட்டாதீர்கள்.

பயிற்சியாளர் எந்தப் போட்டியை மனதில் வைத்திருக்கிறார் என்று அறிய ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு வரும் வீரர் பட்டியலைப் பாருங்கள். 2020-21ல் உனாய் எமெரி லீக்கில் பெரும்பாலும் அசென்ஹோவைக் கோல்கீப்பராக நிறுத்தினார், யூரோபாவில் ருல்லியை. லீக் ஆட்டத்தில் மொரேனோ மாதிரி ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால், வியாழக்கிழமைக்குத்தான் அலாரம் வைக்க வேண்டும்.

சரி, நேரம். ஸ்பெயினின் ராத்திரி 9 மணி ஆட்டம் குளிர்காலத்தில் நமக்கு 1.30, மற்ற மாதங்களில் 12.30. மாற்றம் அக்டோபர், மார்ச் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில். வியாழன் இரவு ஆட்டம் என்றால் காலண்டரில் வெள்ளி ஆகிவிடும். பலர் ஒரு நாள் தவறவிடுவது இதனால்தான். யூரோபாவில் அன்றிரவு முன்னதாக நடக்கும் ஆட்டங்கள் நமக்கு 11.15க்கே தொடங்கும், குளிர் இல்லாத மாதங்களில் 10.15. வார இறுதி லீக் ஆட்டங்களில், குளிர்காலத்தில் நமக்கு மாலை 6.30, இரவு 8.45 என்று வசதியான நேரங்களும் உண்டு. அப்புறம், லீக் ஆட்டங்களின் சரியான தேதியும் நேரமும் சில வாரங்களுக்கு முன்புதான் உறுதியாகும். சீசன் தொடக்கத்தில் வெளியாகும் அட்டவணையில் வார இறுதி மட்டும்தான் உறுதி.